ஐந்து கட்டையில் ஓடும் கார்

‘மார்ச் 12. சிறு தவறு: ஸ்போர்ட்ஸ் காரை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் விரட்டாவிட்டால் என்ஜின் நீடிக்கும் என்று கனகாங்கி டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.’

இளம்பரிதி வகுப்பிலேயே டைரியில் ‘சிறு’வை அடித்தான், பயந்துபோய் மறுபடி எழுதினான். பெரிய கியரில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் பேரிங் தேயும் என்று மெக்கானிக் மாலை வகுப்பில் இன்றுதான் சொன்னார்கள். பாட்டு டீச்சரோ தன் காரை ஆறு மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறார். வகுப்பு முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

“ரெண்டாயிரத்துல என்ஜின் சுத்தமா அஞ்சு கட்டை சுருதி பிடிக்கிறதுடா! கூடவே பாடிண்டுதான் கச்சேரிக்குப் போறேன். ஸ்கூட்டர்காரன் முந்தினாக்கூட கவலைப்படறதில்லை.”

“அது சுருதி இல்லை டீச்சர், முனகல்.”

டீச்சரின் முகம் மாறியது. அவர் காதை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இனி இந்தக் காரைத் தொடவே விடமாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது.

“நாலாயிரம்னா சுற்று இரட்டிப்பு. அதே சுருதிதான் டீச்சர், மேல் ஸ்தாயி” என்றான் அவசரமாக.

“மேல் ஸ்தாயியா?” டீச்சர் தொண்டையைத் தடவிக்கொண்டார். “நான் அங்கே போயே ரொம்ப நாளாச்சேடா.”

வீடு திரும்பியதும் எழுதினான்: ‘நாளை காலை ஆறு மணி, புறவழிச்சாலை. முதல் பத்து நிமிடம் என்ஜின் சூடாக, டீச்சர் குரல் பதமாக. அப்புறம் நாலாயிரம்.’