வார்ட்டு மிஸ்

பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்லாயிக்கு அன்று கர்ப்பப்பை ஒப்பரேசன். தாதி நிஷாந்தி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

“துணிய ஒதுக்குங்கம்மா. வயித்தச் சுத்தம் பண்ணணும்.”

“வெட்கமா இருக்கு மிஸ்.”

“கிருமி இருந்தா காயத்துல சீழ் புடிச்சிரும். வெட்கப்பட்டா ஆகுமா?”

துணியை இறுக்கிப் பிடித்திருந்த கையைச் செல்லாயி தளர்த்தினார். நிஷாந்தி அடிவயிற்று முடியைக் கத்தரித்து, தோலை மருந்து போட்டுக் கழுவினாள். பிறகு மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தாள்.

“இது எதுக்கு மிஸ்?”

“மூத்திரப்பை காலியா இருந்தாத்தான் அதுல கத்தி படாது. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு.”

“வலிக்கவே இல்லையே.”

திரையை விலக்கியதும் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்: “நேத்து எனக்கும் இந்த மிஸ்தான் செஞ்சாங்க. என்னா பொறுமை. எந்த மகராசி பெத்த புள்ளையோ.”

செல்லாயி சிரித்தார்.

“நான்தாங்க பெத்தேன். இவ பத்து மாசம் இருந்த எடத்தத்தான் இன்னைக்கு எடுக்கப் போறாங்க.”

“சொந்த மகளையா மிஸ், மிஸ்னு கூப்பிட்டீங்க?”

“கொழுந்து பறிக்கிறவ மக மிஸ்ஸா வந்து நிக்கிறா. கூப்பிட்டுப் பாக்க எனக்கு ஆசையா இருக்காதா?”