சுடலியம்மாள் பாடாத வீடு

குவாரி முதலாளி தங்கப்பழம் செத்த வீட்டில் ஒப்பாரிப் பெட்டி பாடத் தொடங்கியதும், தெருவில் போய்க்கொண்டிருந்த முப்புடாதி அப்படியே நின்றுவிட்டாள். அது, சாவு வீடுகளில் ஒப்பாரி பாடிவந்த அவள் அம்மா சுடலியம்மாளின் குரல். அம்மா செத்து முப்பது வருஷம் ஆகிறது. ஊரே மறந்துபோயிருந்த அந்தக் குரலைப் பெட்டிக்காரர்கள் போன வருஷம்தான் ஒரு பழைய கேசட்டில் கண்டுபிடித்து, சொன்னதை வைத்துப் புதிதாகக் கட்டிப் பாடும் இந்தப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். இப்போது கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் அது அழுகிறது.

"கல்லைப் பொன்னாக்குன கையி கட்டிக் கெடக்குதே, என் ராசாவே" என்றது பெட்டி.

முப்புடாதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா சொரிமுத்து அந்தக் குவாரியில் பாறை சரிந்து செத்தபோது, அவர் அன்று வேலைக்கே வரவில்லை என்று சாதித்தவர் தங்கப்பழம். அதற்குப் பிறகு எத்தனை முறை ஆள் அனுப்பியும் அந்த வீட்டுச் சாவுக்கு அம்மா பாடப் போனதே இல்லை.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். துக்கத்துக்கு வந்தவள் என்று நினைத்து அந்த வீட்டு மருமகள் சொன்னாள்: "பெட்டிகிட்ட செத்தவங்க பேரும், உங்களுக்கு என்ன முறைன்னும் சொல்லுங்கக்கா, சேர்த்துப் பாடும்."

முப்புடாதி பெட்டியிடம் குனிந்தாள். "பேரு சொரிமுத்து. எனக்கு அப்பன். இந்தாளு குவாரியில நசுங்கிச் செத்தான். வேலைக்கே வரலைன்னு இந்தாளு பொய் சொன்னான்."

பெட்டி மூச்சு இழுத்தது. பிறகு தங்கப்பழத்தின் தலைமாட்டிலிருந்து, சுடலியம்மாள் தன் புருஷனுக்காக ஓங்கி அழத் தொடங்கினாள்.

"நிப்பாட்டுங்கல அதை!" என்று மூத்த மகன் பாய்ந்து வந்தான்.

முப்புடாதி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்கம்மைய நீங்கதானல கூட்டியாந்திய? இருந்து முழுசும் கேளுங்க."