புறக்கணித்த பாடம்

நியாயம் கேட்பதன் விலை ஆளுக்குப் பதினோரு ரூபாய் அறுபது சதம். வெலிமடைக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தமிழ்ப் பாடசாலையில் அதிபர் அப்படித்தான் தீர்த்திருந்தார்.

கட்டினால் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்து. கட்டாவிட்டால் காமிலா இந்த வருஷம் சோதனையை மறந்துவிடலாம். விண்ணப்பம் போக ஒரே நாள்தான் மிச்சம்.

அவளுடைய வாப்பா இப்றாஹீம் பலசரக்குக் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்திருந்தார்.

"ஸ்ட்ரைக், முதலாளி!" அதிபர் மேசையைத் தட்டினார். "பத்தாம் வகுப்பு முப்பத்திரண்டு பேரும் ஸ்ட்ரைக். மூணு நாளா பாடத்தப் புறக்கணிச்சிருக்காங்க. தலைவி யாரு? ஒங்க மகள்!"

"வாப்பா, நாங்க..." என்றாள் காமிலா.

"வாயப் பொத்து! பெரியவங்க பேசுறது வெளங்கல்லயா?" இப்றாஹீம் அதிபரிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "புள்ள செஞ்சது குத்தம்தான் சேர். எட்டு ரூபா வெச்சுக்கொள்ளுங்க. மன்னிப்பும் எழுதித் தாறோம்."

"கல்வியில பேரமா? கல்வி ஒரு தவம், முதலாளி."

தவத்தில் ஒரு சதமும் குறையாது என்று தெரிந்தது. ஆனாலும் இப்றாஹீமுக்கு ஓர் இடத்தில் அரித்தது. அபராதம் என்றால் ஐந்து, பத்து என்று முழுசாக இருக்கும். சில்லறையோடு வந்தால் அது சாமான் விலையல்லவா?

"இந்த அறுவது சதம் எப்படி சேர் வந்த?"

"அவங்க புறக்கணிச்சது விவசாயப் பாடம். மூணு நாள் மழையில அரை ஏக்கர் கிழங்கு அழுகிப்போச்சு. இப்ப கிழங்கு விக்கிற விலைக்கு! நட்டத்த முப்பத்திரண்டாப் பிரிச்சேன்."

இப்றாஹீம் மனதுக்குள் அரை ஏக்கருக்கு எத்தனை அந்தர் நிறை என்று போட்டு, விலை போட்டு, பிரித்துப் பார்த்தார். சதம் பிசகவில்லை. கணக்குச் சரியாக வந்தால் வியாபாரி வேறு கேள்வி கேட்பதில்லை.

"வாப்பா, கட்ட வாணாம்..."

"இன்னும் ஒரு வார்த்த பேசினியோ, நாளையிலேர்ந்து கடையில அழுகின வெங்காயம் தெரிஞ்செடுக்கிறதுதான் ஒனக்குப் படிப்பு!"

காசு மேசைக்குப் போனது. கையெழுத்து விண்ணப்பத்துக்கு வந்தது. "ஒழுக்கம்தான் முக்கியம், முதலாளி," என்று அதிபர் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படலையைத் தாண்டியதும் இப்றாஹீம் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு. மூணு நாளும் வகுப்புக்குப் போகாம எங்க சுத்தின?"

"வகுப்புலதான் இருந்தோம் வாப்பா, அதிபர் சேர்ட தோட்டத்துல கிழங்கு தோண்டப் போகாம."