பத்தொன்பது மாத்திரை

"பத்தொன்பது நாளா அம்மா பிரஷர் மாத்திரையே போடலடி."

மருத்துவமனை வராந்தாவில் அக்கா இரண்டு மாத்திரை அட்டைகளை நீட்டினாள். ஒன்று முழுசு. இன்னொன்றில் ஒரே ஒரு குழி காலி. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய சின்னவள் தோளில் பையோடு எண்ணிப் பார்த்தாள். சரியாகப் பத்தொன்பது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கண்மூடிக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை அசையவில்லை. முப்பது வருடம் கத்தரி பிடித்த தையற்காரியின் கை.

"ஏன் நிறுத்தினாங்க?"

"பீட்ரூட் சாறு. இருபத்தோரு நாள் குடிச்சா மாத்திரையே வேண்டாமாம், போன்ல வந்துச்சாம். இன்னும் ரெண்டே நாள்தான்னு பக்கத்து வீட்டுல பெருமையா சொல்லியிருக்காங்க. நமக்குச் சொல்லல."

அந்தப் பீட்ரூட் கதையின் அடிமுதல் நுனிவரை சின்னவளுக்குத் தெரியும். இணையத்தில் பரவும் மருத்துவப் பொய்களுக்கு மறுப்பு எழுதுவதுதான் அவள் வேலை. பொய்யைக் கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே 'தவறு' என்று முத்திரை குத்தி, ஆதாரங்களோடு ஒரு படம் தயாரிப்பாள். ஓரத்தில் அவள் புகைப்படமும் இருக்கும். அது வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தாள். முகம் இருந்தால்தான் நம்புவார்கள் என்றார் ஆசிரியர். பீட்ரூட் படத்தை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அலுவலகமே கைதட்டியபோது வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

எதைப் போட்டாலும் குடும்பக் குழுவிலும் ஒன்று போடுவாள். அம்மா தவறாமல் ஒரு பூ அனுப்புவாள். பீட்ரூட்டுக்கும் பூ வந்தது.

அதன் பிறகும் எப்படி நம்பினாள்? அடுத்தவர் எழுதிக் கொடுத்த அளவை நம்பி ஒரு ரவிக்கை வெட்டாதவள்.

"வேற யாரு அனுப்பியிருப்பா, இவர்தான்" என்றாள் அக்கா, படியேறி வந்த கணவனைக் காட்டி. "காலையில கண்ணு முழிச்சதும் ஊருக்கே வைத்தியம் அனுப்பற ஆளு."

அது உண்மைதான். வாழைப்பழத்தைத் தலைகீழாக உரித்துத் தின்றால் முட்டிவலி போகும் என்று அனுப்பியவர் மாமா. சின்னவள் ஒவ்வொன்றையும் திருத்துவாள். "சரிங்க டீச்சர்" என்று பதில் போட்டுவிட்டு மறுநாளே இன்னொன்றை அனுப்புவார்.

அவளுக்கு விரலில் இருக்கிற தைரியம் நாக்கில் இருந்ததில்லை. அன்று வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா. எத்தனை தடவை சொன்னேன். ஒரு மனுஷியைப் படுக்கையில தள்ளியாச்சு. இப்ப நிம்மதியா இருக்கா?"

வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கையிலிருந்த மருந்துப் பையைப் பெஞ்சில் வைத்தார்.

"அம்மா போன் எங்கே? நீங்க அனுப்பினதை நானே பாக்கறேன்."

"அதுல சார்ஜ் இல்ல" என்றார். சட்டைப் பையிலிருந்த அம்மாவின் போனை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். "நான்தான் அனுப்பினேன். என் கணக்குல இதையும் சேத்துக்கோ டீச்சர்."

"அம்மா வீடு திரும்பற வரைக்கும் நீங்க வீட்டுப் பக்கம் வரவேண்டாம். உங்க அண்ணன் வீட்டுல இருங்க" என்றாள் அக்கா.

அவர் படியிறங்கிப் போனார்.

நாலாம் நாள் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. குழறிக் குழறி. வலது கை வருமா என்று கேட்டதற்கு மருத்துவர், பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"மாப்பிள்ளை எங்கடி? நாலு நாளா காணோம்."

"வரவேண்டாம்னு சொல்லியாச்சும்மா" என்றாள் சின்னவள். "இனிமே அந்தக் குப்பையெல்லாம் உனக்கு வராது."

"என்ன குப்பை?"

"பீட்ரூட். அவரே ஒத்துக்கிட்டார்."

அம்மா புரியாமல் பார்த்தாள். அந்தப் பார்வை சின்னவளைச் சுட்டது. நாலு நாளாய் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் பொய்னு போட்டேனேம்மா. நீ பூகூட அனுப்பினே. பெத்த பொண்ணு சொன்னதைவிட அவர் சொன்னது பெருசாயிடுச்சா?"

தன் போனில் குடும்பக் குழுவைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளி அந்த நாளுக்குப் போனாள். படம் இருந்தது. அதன் கீழே அம்மாவின் பூ. அம்மாவின் முகத்துக்கு நேரே பிடிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

படம் நீளமானது. குழுவில் அதன் மேல் பாதிதான் தெரிந்தது. தொட்டால்தான் முழுசும் விரியும். மேல் பாதியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். இருபத்தோரு நாள் பீட்ரூட் சாறு போதும்.' அவ்வளவுதான். முத்திரை இல்லை.

அம்மா இடது கையை மெல்லத் தூக்கித் திரையைக் காட்டினாள்.

"மாப்பிள்ளை அனுப்பறதை எவ நம்புவா? இதோ, இதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்."