அந்தப் பொம்பளை

"கோமு, எப்பட்டி வந்த?"

கையில் மாத்திரையோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான்கு மாதத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இது இரண்டாவது முறை.

மற்ற நாளெல்லாம் 'அந்தப் பொம்பளை'தான். அவள் பிசைந்து கொடுக்கும் சோற்றைத் தட்டிவிடுவார். பொண்டாட்டியை எங்கேயோ அடைத்துவைத்துவிட்டு, அவளைப் போலவே ஒருத்தி வீட்டுக்குள் புகுந்துவிட்டாள் என்பார். மறதி நோயில் இப்படியும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இந்த நினைவு எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. போன தடவை தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், "யாரு நீ?" என்று கத்தினார்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவ இங்கதான் இருக்கா. ஒன் சேலையத்தான் உடுத்திருக்கா. ஒன்ன மாரியே பேசுதா."

"இருந்துட்டுப் போறா. அதான் நான் வந்துட்டேம்லா."

"நீ பயப்படாத. இன்னைக்கு அவ வரட்டும்."

தலையணையைத் தூக்கிக் காட்டினார்.

தேங்காய் வெட்டுகிற அரிவாள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை.

"எங்கிட்டத் தாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

சிரித்தார். அத்தனை பிரியம் அந்தச் சிரிப்பில்.

"ஒனக்கு மனசு வராது, கோமு."

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது.

அவள் போய்விட்டுத் திரும்பி வந்தால், அவர் கண்ணுக்கு வருவது யாராக இருக்கும்?

"நீங்களும் வாங்க. அடுப்ப அணச்சிட்டு வந்துருவோம்."

சொன்ன பேச்சு கேட்டு எழுந்தார். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் அரிவாளை எடுத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள். பேசிக்கொண்டே நடந்தாள். கல்யாணத்தன்று கொட்டிய மழை. அவர் ஓட்டிய தென்காசி பஸ். மூத்தவளுக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுப்பு சுவரோரம் இருந்தது. அணைக்க வேண்டுமென்றால் அவருக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

திரும்பினாள். பேச்சை நிறுத்தாமல் குமிழைத் திருகினாள்.

குக்கர் அடங்கியது.

பின்னால், அவள் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.