யாருக்கும் இல்லாத பேர்

“யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு, இது உனக்கு மட்டும்தான்” என்று பிரசவ வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்த பெண்ணின் காதருகே குனிந்தாள் ஆயா. “புலரி.”

“புலரியா? கேள்விப்பட்டதே இல்லையே.”

“அதான் விசேஷம். பொழுது புலருதுன்னு சொல்றோம்ல, அதுல இருந்து வந்தது. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்திக்கும் கிடையாது. ஒண்ணே ஒண்ணு, பாப்பா, குட்டின்னு சுருக்கிடக் கூடாது. விளையாடப் போன புள்ளைய வாசல்ல நின்னு முழுப் பேரும் சொல்லிக் கூப்பிடணும். அப்பதான் பேரு நிலைக்கும்.”

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்து ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது.

“ஆஹா! எனக்கும் இதே வசனம்தான்.”

வார்டு வாசலில் காக்கிச் சட்டையும் தோளில் தோல் பையுமாக ஒரு பஸ் கண்டக்டர் நின்றிருந்தாள். காலையிலிருந்து ஸ்டாப் பேர்களைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கோபம்கூடப் பாதி காற்றாகத்தான் வந்தது.

“அதோ, அந்த மூலைக் கட்டில்ல படுத்திருந்தேன். ஞாபகம் இருக்கா ஆயா?”

ஆயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எத்தனையோ பேரு வர்றாங்க, போறாங்கம்மா.”

“இன்னிக்கு என் பொண்ணை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டேன். டீச்சர் ‘புலரி’ன்னு கூப்பிட்டாங்க. நாலு புள்ளைங்க எந்திரிச்சு நிக்குது! ஏதாவது சீரியல்ல வந்த பேரான்னு அவங்க கேக்குறாங்க. அடையாளத்துக்கு ஒருத்தி நெட்டைப் புலரி, ஒருத்தி கண்ணாடிப் புலரி. என் பொண்ணுக்குக் கொஞ்சம் சளி. அவ மூக்கொழுகிப் புலரி.”

ஜன்னலோரப் பெண் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று விஷயம் உறைக்க, சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் குழந்தையைப் பார்த்தாள்.

மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ், “இந்த ஆயாவுக்கு வேற பேரே தெரியாதுங்க” என்றாள். “யோசிக்கச் சோம்பேறித்தனம். இரட்டைப் புள்ளை பொறந்தாக்கூட ரெண்டுக்கும் இதையேதான் சொல்லுவாங்க.”

“உங்களுக்கு வேடிக்கையா இருக்கு. மாமியார் பேரைத்தான் வைக்கணும்னு வீட்ல ஒத்தைக் கால்ல நின்னாங்க. நான் விட்டுக்கொடுக்கல. யாருக்கும் இல்லாத பேரு என் பொண்ணுக்குன்னு சண்டை போட்டு வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் அந்தம்மா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. என் பொண்ணு பொறந்ததே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவளுக்கு எதுக்குப் புலரின்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.”

பேசப் பேசக் குரல் இன்னும் கம்மியது. காலியாக இருந்த கட்டிலின் விளிம்பில் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

ஆயா மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தாள். “வெந்நீர் தரவா? தொண்டைக்கு இதமா இருக்கும்.”

“ஒண்ணும் வேணாம். பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். நாளைக்கே புள்ளை பேரையும் மாத்தறேன். மாமியார் பேரையே வெச்சுட்டா வீட்லயாவது நிம்மதி.”

டாக்டர் என்றபோது அசையாத ஆயா, இதைக் கேட்டதும் மாப்பை அப்படியே போட்டுவிட்டு அருகில் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கண்டக்டரின் கையைப் பிடித்தாள்.

“டாக்டர்கிட்ட சொல்லிக்கோ தாயி. வேலை போனா போகுது. பேரை மட்டும் மாத்திடாத.”

“ஏன்? நீங்க குத்தகைக்கு எடுத்த பேரா அது?”

“நான் உண்டாக்கின பேரு. என் பொண்ணுக்காக. விடிய விடிய வலிச்சு, வெளிச்சம் வர்றப்போ பொறந்தா.”

நர்ஸ் தட்டோடு நின்றுவிட்டாள். இத்தனை காலம் கூட வேலை பார்த்தும் ஆயாவுக்கு ஒரு பெண் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

கண்டக்டரின் குரல் தணிந்தது. ஆனால் வருத்தம் தணியவில்லை. “உங்க பொண்ணு பேரா? அதைப் போய் இப்படி ஊருக்கெல்லாம் அள்ளி விட்டுட்டீங்களே ஆயா. அவளுக்குன்னு தனியா ஒண்ணு இருக்க வேணாமா? தெரிஞ்சா அவ கோவிச்சுக்க மாட்டாளா?”

ஆயா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். வீங்கியிருந்த கால்களை நீட்டி, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

“நானும் தெருத்தெருவா நின்னு கூப்பிட்டுப் பார்த்தேன். என் ஒருத்தி தொண்டை எவ்வளவு தூரத்துக்கு எட்டும், சொல்லு” என்றாள். பிறகு நிமிர்ந்து கண்டக்டரைப் பார்த்தாள்.

“கூட்டத்துல தொலைஞ்சுபோன புள்ளைம்மா அவ, ஊரெல்லாம் அந்தப் பேரைக் கூப்பிட்டா, ஏதாவது ஒரு தெருவுல திரும்பிப் பார்ப்பால்ல?”