அடுப்பெரியும் வீடு

துறைமுகத்துக்கு அலை வராமல் தடுக்கும் தூண்டில் வளைவு இப்போது தன்னைத்தானே பராமரித்துக்கொள்கிறது. ஆனி, ஆடியில் கடல் பொங்கி அதன் கற்களை உருட்டிவிட்டால், வளைவின் இயந்திரங்கள் ஊருக்குள் வரும். அடுப்பெரியாத வீடுகளை அறுத்துத் தூக்கிப்போய் இடைவெளியை அடைக்கும்.

சலேத்மேரியின் தம்பி ஆன்றோ கனடாவில் இருந்தான். அவனுடைய பூட்டிய வீடு போய்விடக் கூடாதென்று, கடல் பொங்கும் மாதங்களில் அவள் அங்கேயே சமைத்தாள், அங்கேயே படுத்தாள். அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்க மட்டும் போய்வந்தாள். சொந்த வீட்டுக்கு யாராவது காவலிருப்பார்களா?

ஒரு நாள் போனபோது அங்கே வீடு இல்லை. தரை பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. துணிகளும் பாத்திரங்களும் வேப்பமரத்தடியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

கடற்கரைக்குப் போய்ப் பார்த்தாள். வளைவின் நுனியில் அவளுடைய சமையலறையின் பச்சைச் சுவர் அலையை வாங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குள்ளே வள்ளங்கள் ஆடாமல் நின்றன.

தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்து உலை வைத்தாள். அப்போது ஆன்றோ போனில் கூப்பிட்டான்.

"அக்கா, நாங்க இனி அங்க வரப்போறதில்ல. அந்த வீட்டை வளைவுக்கே விட்டுருவோம். ஒனக்கு எதுக்கு ரெண்டு வீட்டுப் பாடு?"

சலேத்மேரி களைந்த அரிசியை உலையில் போட்டாள்.

"இப்ப ஒரு வீட்டுப் பாடுதான் மக்கா" என்றாள்.